பதினேழாம் கலவை

"தொள்ளாயிரத்துப் பதினாலு."

"அடுத்தது?"

"தொள்ளாயிரத்துப் பதினாறு."

"அடுத்தது?"

"பதினஞ்சு, மேடம். அதுக்கு அடுத்ததும் பதினஞ்சு. நான் ஒண்ணும் பண்ணலை, மெஷின்தான் சொல்லுது," என்றார் ராமையா.

பானுமதியின் பேனா நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க ஐம்பத்திரண்டு டிகிரிப் பெட்டியில் வெந்த தோட்டாக்கள் அவை. ஒவ்வொன்றாக எடுத்துச் சோதனைக் குழாயில் போட்டுச் சுடுவது ராமையாவின் வேலை. திரையில் விழும் வேகத்தை எழுதுவது பானுமதியின் வேலை. இதே தோட்டா குளிரில் நொடிக்குத் தொள்ளாயிரத்து ஒன்பது மீட்டர் போயிற்று. வெந்த பிறகு பதினைந்து. ஆறு மீட்டர்தான் கூடியிருக்கிறது.

ஆறு!

அபுதாபியிலிருந்து ஒன்றரை மணி நேரம் பாலைவனத்துக்குள் போனால் வரும் அந்தத் தோட்டா ஃபேக்டரியில் மூன்று வருடமாக எல்லோரும் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். புகையில்லாத துப்பாக்கி மருந்துக்கு வெயில் ஆகாது. சூடேறினால் வேகமாக எரியும், அழுத்தம் கூடும், குறி தப்பும். ஐரோப்பாவில் செய்த மருந்து ஜூலை மாதத்து மணலில் தலைகால் தெரியாமல் ஆடும். ஆடாத ஒரு மருந்து வேண்டும். பானுமதி செய்த ஒன்பதாம் கலவையில் பத்தொன்பது மீட்டர் கூடியது. அதற்கே போன வருடம் எல்லோரும் கை தட்டினார்கள்.

"இது யாரு மருந்து மேடம்?"

"சீட்டுல எழுதியிருக்கே, பாருங்க."

"பதினேழு. அட, நம்ம ஷஹீரா தாயி மருந்து! பொண்ணு சாதிச்சிருச்சு மேடம்."

"ராமையா, ஒண்ணு கேக்குறேன். நான் இங்க வந்து பதினோரு வருஷம். என்னைய மேடம்ங்கிறீங்க. அவ வந்து ரெண்டு வருஷம் ஆகலை. அவ தாயியா?"

"நீங்க பெரியவங்கள்ல மேடம்."

"நாப்பத்தி மூணு பெரிய வயசா?"

ராமையா பரமக்குடிப் பக்கத்துக்காரர். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்று அவருக்குத் தெரியும். அடுத்த தோட்டாவைக் கையில் எடுத்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஷஹீரா ஓடி வந்தாள். கீழக்கரைப் பெண். முக்காட்டுக்கு மேலேயே காது மூடியை மாட்டியிருந்தாள். அதைக் கழற்றவும் மறந்து கத்தினாள்.

"அக்கா! நெசமாவா? ஆறா?"

"ஆறுதான்."

"இன்னொரு தடவ சொல்லுங்கக்கா."

"காதுல இருக்குறதக் கழட்டிட்டுக் கேளு. ஆறு."

ஷஹீரா அவளைக் கட்டிக்கொண்டாள். பானுமதியின் தோள் விறைத்துக்கொண்டது.

"உங்க கைராசிக்கா. பெருநாள் லீவுல இதை நீங்கதானே பாத்துக்கிட்டீங்க! நான் சவூதியில, தம்மாம்ல, எங்க லாத்தா மச்சான் வீட்டுல உக்காந்து பிரியாணி தின்னுக்கிட்டு இருந்தேன்."

"ஆமா," என்றாள் பானுமதி.

மதியச் சாப்பாட்டு வேளையில் அவள் கேன்டீனுக்குப் போகவில்லை. காரில் ஏசியைப் போட்டு உட்கார்ந்து, ஃபுஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தன் கணவன் பாலகுருவுக்குப் போன் போட்டாள்.

"என்ன பானு, இந்நேரத்துல?"

"ஒண்ணு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"ஷஹீரா கலவை ஜெயிச்சிருச்சு. ஆறுதான் கூடுது."

"உன்னுது?"

"பத்தொம்போது. அதை ஏன் இப்பக் கேக்குறீங்க?"

"சரி சரி. அந்தப் புள்ள கெட்டிக்காரிதான்னு நீயே சொல்லுவியே."

"நான் எப்பச் சொன்னேன்? கேளுங்க. அந்தக் கலவைய நான்தான் கெடுத்தேன்."

"என்னது?"

"பெருநாளுக்கு முந்தி, வெள்ளிக்கிழமை, மருந்து மணிகளுக்கு மேல்பூச்சு போட்டு வெப்ப அறையில வச்சிட்டுப் போனா. 'சனிக்கிழமை காலையில மட்டும் எடுத்துக் குளிர் அறைக்கு மாத்திடுங்கக்கா, நீங்கதானே டூட்டி'ன்னா. நான் எடுக்கலை. புதன்கிழமை வரைக்கும் அதுலயே விட்டுட்டேன்."

"மறந்துட்டியா?"

"மறக்கலை."

போனில் பாலகுருவுக்குப் பின்னால் ஏதோ லாரி பின்வாங்கும் ஒலி கேட்டது.

"வெடிச்சிருந்தா, பானு?"

"எனக்குத் தெரியாதா? அந்தச் சூட்டுல ஒண்ணும் ஆகாது. தினம் ரெண்டு தடவ போயித் தெர்மாமீட்டரப் பாத்தேன். கெட்டுப்போவும், அவ்வளவுதான்னு நெனச்சேன். பூச்சு உள்ள இறங்கிடும், மருந்து சோம்பேறியாயிடும், வேகமே வராதுன்னு நெனச்சேன்."

"வந்துருச்சா?"

"நெனச்சத விட ஆழமா இறங்கி, ஒரே சீரா உக்காந்துருச்சு போல. சூட்டுல ஆடவே மாட்டேங்குது."

"அப்ப உன்னாலதான் ஜெயிச்சிருக்கா!"

"சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல."

"சிரிக்கலடி. மூச்சு விட்டேன்."

"ரெஜிஸ்டர்ல சனிக்கிழமை எடுத்ததா எழுதிட்டேன்."

இதற்கு அவன் சிரிக்கவில்லை. "அதைப் போய்ச் சொல்லிரு," என்றான்.

"சொல்லி? அவளுக்கு மாலை, எனக்கு மெமோவா?"

மறுநாள் அஸீம் சார் இருவரையும் கூப்பிட்டார். மருந்துப் பிரிவுக்கு அவர்தான் தலை. வாணியம்பாடிக்காரர்; நல்ல செய்தியையும் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோலவே சொல்வார்.

"உக்காருங்க. மே இருபதாம் தேதி ட்ரயல். வாங்குறவங்க நேர்ல வர்றாங்க. ஒரே ஒரு மருந்தைத்தான் காட்டப் போறோம். பதினேழு அச்சா. ரொம்ப அச்சா. ஆனா கையில இருக்கிறது எவ்ளோ?"

"ரெண்டு கிலோ சார்," என்றாள் ஷஹீரா.

"ஒரு தடவ வந்தா அது லாட்டரி. ரெண்டாவது தடவையும் வந்தாத்தான் மருந்து. இன்னொண்ணு செய்ங்க. அதே நம்பர் வரணும். வந்தா ஷஹீரா மருந்து போகும், அந்த ப்ராஜெக்டுக்கும் அவங்கதான் லீட். வரலைன்னா பானுமதி மேடத்தோட ஒன்பது போகும், அவங்க லீட். கலாஸ், அவ்ளோதான்."

வெளியே வந்ததும் ஷஹீரா, "அக்கா, எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

"எதுக்குப் பயம்? செஞ்சவளுக்குத் திரும்பச் செய்யத் தெரியாதா?"

"அதான்க்கா பயம். பதினாறுக்கும் பதினேழுக்கும் நான் பெருசா ஒண்ணுமே மாத்தலை."

இதைக் கேட்டதும் பானுமதிக்கு வந்தது கோபம். மூன்று வருடம் ஒவ்வொரு மணியாக உருப்பெருக்கியில் வைத்து, கண் எரிய எரிய, பூச்சின் தடிமனை அளந்து குறித்தவள் அவள். இவளுக்கு எதுவுமே தெரியாமல் மடியில் வந்து விழுந்திருக்கிறது. விழுந்ததுகூட இல்லை, தானே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறோம்.

அவள் செய்ய வேண்டியதெல்லாம் வாயைத் திறக்காமல் இருப்பதுதான்.

பதினெட்டாம் கலவையில் இருபத்தேழு மீட்டர் கூடியது.

"தாயி, காலையில சாப்பிடலையா? மூஞ்சி வாடிக் கெடக்கு," என்று ராமையா கேட்டார்.

"திரும்பச் சுடுங்கண்ணே. பெட்டிய நல்லா மூடியிருந்தீங்களா?"

"பெட்டியில தப்பில்லம்மா. மருந்துதான் துள்ளுது."

பத்தொன்பதில் இருபத்து நாலு. ஷஹீரா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சப்ஜா விதைபோலக் கருத்துப் பளபளக்கும் அந்த மணிகளைத் தட்டில் கொட்டி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்த்தாள். பானுமதி பக்கத்து மேசையில் இருந்தாள். அந்த நாட்களில் அவளுக்கு நன்றாகப் பசித்தது. வீட்டில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஒரு நாள் ஷஹீரா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லு."

"பதினேழை சனிக்கிழமை காலையிலதானே எடுத்தீங்க?"

"ரெஜிஸ்டர்ல இருக்கே."

"பாத்தேன்க்கா. உங்க கையெழுத்துதான். ஆனா, எத்தன மணின்னு எழுதலை. எப்பவும் நிமிஷம் வரைக்கும் எழுதுவீங்க."

"பெருநாள் அன்னைக்கு நான் ஒத்தையா எல்லாத்தையும் பாத்தேன். ஒரு மணிய எழுதாம விட்டதுக்கு விசாரணையா? பிரியாணி தின்னவ நீ, கேள்வி எனக்கா?"

"ஐயோ, இல்லக்கா. மன்னிச்சிடுங்க."

அவள் மன்னிப்புக் கேட்டது பானுமதிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திருப்பிச் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே எட்டாம் தேதி அஸீம் சார் முடிவைச் சொன்னார்.

"பானுமதி மேடம், முபாரக். ஒன்பது போகுது. நீங்கதான் லீட்."

"தேங்க்ஸ் சார்."

"ஷஹீரா, மனசு விடாதீங்க."

"இல்ல சார். அக்கா மூணு வருஷமா உழைச்சிருக்காங்க. சந்தோஷந்தான்."

அன்று பாலகுரு போனில், "ஸ்வீட் வாங்கினியா?" என்று கேட்டான். "வாங்கணும்," என்றாள் பானுமதி. வாங்கவில்லை. ஆனாலும் அன்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

அந்தச் சந்தோஷம் ட்ரயலுக்கான காகிதங்கள் வரும்வரை இருந்தது.

அஸீம் சார் மேசையில் அவற்றைப் பரப்பினார். முதல் பக்கத்தில் ஒரு வரைபடம். ஒன்பதாம் கலவை தடித்த நீலக் கோடு. சூடு ஏற ஏற அந்தக் கோடு மேலே போயிற்று. அதற்குக் கீழே, தரையோடு தரையாக, புள்ளி புள்ளியாக ஒரு சிவப்புக் கோடு.

"இது என்ன சார்?"

"பதினேழு."

"அதான் போகலையே. அது எதுக்கு இங்க?"

"இலக்கு மேடம். வாங்குறவங்க கேப்பாங்கல்ல, இதைவிட நல்லா வருமான்னு. ஒரு தடவ வந்திருக்கு, திரும்பக் கொண்டுவரப் பாக்குறோம்னு காட்டணும். இனிமே எந்த மருந்து செஞ்சாலும் இந்தக் கோட்டோடதான் வச்சிப் பாக்கப் போறோம்."

"எந்த மருந்து செஞ்சாலுமா?"

"ஆமா. பத்து வருஷம் ஆனாலும்."

பானுமதி காகிதத்தை எடுத்துக்கொண்டு சுடும் கூடத்துக்குப் போனாள். அங்கே ராமையா ட்ரயலுக்காக ஒன்பதாம் கலவைத் தோட்டாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், நம்ம மருந்து போகுதாமே. ரொம்ப சந்தோசம்."

"நெசமாச் சொல்லுங்க ராமையா. ஒம்போது எப்படி?"

"நல்ல மருந்து மேடம்."

"ஆனா?"

"ஆனான்னு நான் சொல்லலையே."

"சொல்லாம நிறுத்துனீங்கள்ல."

ராமையா தோட்டாப் பெட்டியை மூடினார். "இருவது வருசமாச் சுடுறேன் மேடம். பதினேழு மாதிரி ஒண்ண என் கையால சுட்டதில்ல. ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு. அன்னைக்கு ரூமுக்குப் போயி எல்லாருகிட்டயும் சொன்னேன். அந்தப் புள்ளைக்குத் திரும்ப வரலையேன்னுதான் வருத்தம். கை விட்டுப் போன மீனு மாதிரி ஆயிருச்சு."

"அந்தப் புள்ளைக்கா?"

"ஆமா மேடம். அது செஞ்சதுதானே."

"அது செய்யலை!"

கத்தியது தன் குரல்தானா என்று பானுமதிக்கே ஆச்சரியமாக இருந்தது. ராமையா பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். ஜெயித்தது ஒன்பது. ஆனால் இந்தக் கட்டடத்தில் எல்லோரும் பத்து வருடத்துக்குப் பதினேழைப் பற்றித்தான் பேசப் போகிறார்கள். பதினேழு என்றால் ஷஹீரா. தோற்ற கலவையே தலைக்கு மேல் உட்கார்ந்துகொண்டது. அதைச் செய்தவள் தான் என்று ஒரு ஆளுக்கும் தெரியாமலே போகப் போகிறது.

அவள் திரும்பி நடந்தாள். அஸீம் சார் அறைக்குள் ஷஹீராவும் இருந்தாள். ஒருவிதத்தில் அது நல்லதாயிற்று. ஒரே தடவையில் சொல்லலாம்.

"சார், பதினேழை நான் செஞ்சேன்."

"க்யா?"

"பதினேழு அப்படி வந்ததுக்குக் காரணம் நான். சனிக்கிழமை எடுக்கச் சொன்னா. நான் புதன்கிழமை எடுத்தேன். நாலு நாள் கூட வெப்ப அறையில இருந்துச்சு. பூச்சு உள்ள இறங்குறதுக்கு அந்த நாலு நாள் வேணும். இவ பதினெட்டையும் பத்தொம்போதையும் ஒரு நாள்லயே எடுத்துட்டா. அதான் வரலை. நாலு நாள் கூட விட்டுப் பாருங்க. வரும்."

அஸீம் சார் கண்ணாடியைக் கழற்றினார். "ரெஜிஸ்டர்ல சனிக்கிழமைன்னு இருக்கு."

"பொய்யா எழுதினேன்."

"ஏன் இத்தன நாள் சொல்லலை?"

ஷஹீரா குறுக்கே பேசினாள். குரல் உயரவில்லை.

"சார், ஏன் சொல்லலைன்னு அப்புறம் கேளுங்க. நான் ஒண்ணு கேக்கணும். ஏன் எடுக்கலை?"

"கெட்டுப்போகட்டும்னு."

"என் மருந்தா?"

"உன் மருந்துதான்."

"நான் உங்கள நம்பித்தானே சாவியக் குடுத்துட்டுப் போனேன்?"

"ஆமா."

"நான் என்ன பண்ணுனேன் உங்களுக்கு?"

"ஒண்ணும் பண்ணலை. நீ வந்த, எல்லாருக்கும் உன்னப் பிடிச்சிருச்சு. அவ்வளவுதான்."

"ஒரு மாசமா உங்க பக்கத்துலயே உக்காந்து அழுதிருக்கேன். தண்ணி எடுத்துக் குடுத்தீங்களே. அப்பயும் தெரியும்?"

"தெரியும்."

ஷஹீரா எழுந்தாள். மேசையில் கிடந்த தன் காது மூடியை எடுத்துக்கொண்டாள். "நான் போயி இருபதைக் கலக்குறேன் சார்," என்றாள். பானுமதியின் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் போன பிறகு அஸீம் சார் அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். செய்முறையிலிருந்து யார் விலகினாலும் அதை நிரப்பியாக வேண்டும்.

"எழுதுங்க மேடம். லீட் வேலை போச்சு, அது உங்களுக்கே தெரியும். ரெஜிஸ்டருக்கு வார்னிங் லெட்டர் தனியா வரும்."

பானுமதி எழுதினாள். பேட்ச் எண், தேதி, அறை. 'காரணம்' என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: மின்தடை, கருவிப் பழுது, ஆள் தவறு, மற்றவை.

"ஆள் தவறு போட்டுடுங்க," என்றார் அஸீம் சார், சற்று இறங்கிய குரலில். "யாரும் கேக்க மாட்டாங்க."

"தவறு இல்ல சார். தெர்மாமீட்டரெல்லாம் கரெக்டாப் பாத்தேன்," என்றாள் பானுமதி. 'மற்றவை'யில் டிக் அடித்தாள்.

"உங்களுக்கு இதுலயும் பெருமையா?" என்றார் அவர்.

இருபதாம் கலவையை ஷஹீரா வெப்ப அறையில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். ஐந்து நாளும் தெர்மாமீட்டரை அவளே பார்த்தாள். பானுமதி கேட்டதற்கெல்லாம் எண்ணில் மட்டும் பதில் சொன்னாள். ஆறாம் நாள் தோட்டாக்கள் நிரப்பப்பட்டன. ட்ரயலுக்கு மூன்று நாள் முன்னால் சுட்டார்கள்.

ராமையா சுட்டார். பானுமதி எழுதினாள், அந்த வேலையை யாரும் அவளிடமிருந்து எடுத்திருக்கவில்லை. ஷஹீராவும் அஸீம் சாரும் பின்னால் நின்றார்கள்.

"தொள்ளாயிரத்துப் பதினாறு. பதினேழு. பதினஞ்சு. பதினாறு..."

இருபது தோட்டாவும் முடிந்தன. பானுமதி கூட்டிக் கழித்தாள். இரண்டாம் தடவையும் கழித்துப் பார்த்தாள்.

"ஏழு," என்றாள்.

ராமையா கை தட்டினார். அஸீம் சார் "மாஷா அல்லாஹ்" என்றார். ஷஹீரா முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"அப்போ இருபது போகுது. செய்தவர் பேரு போடணும்," என்று அஸீம் சார் காகிதத்தை நீட்டினார். "ஷஹீரா, உங்க பேரு, கையெழுத்து."

ஷஹீரா தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அதற்குக் கீழே, 'பானுமதி பாலகுரு' என்று எழுதினாள்.

"இது எதுக்கு?" என்றார் அஸீம் சார்.

"அந்த நாலு நாள் அவங்களோடது சார். அதையும் என்னுதுன்னு நான் எடுத்துக்கிட்டா அவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

ராமையா தலையைக் குனிந்து காலித் தோட்டாக்களைப் பொறுக்க ஆரம்பித்தார். ஒன்றும் கேட்காதவர்போல ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

பானுமதிக்குக் காது சுட்டது. மருந்து ஷஹீராவுக்குப் போயிற்று. லீட் வேலையும் போயிற்று. இப்போது நல்லவள் என்ற பெயரும் அவளுக்கே போய்விட்டது. அதுவும் நாலு பேர் முன்னால், இரண்டே வரியில்.

அந்தப் பெயரை அடித்துவிடலாமா? 'வேண்டாம், இது ஷஹீராவோடது' என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்து போகலாம். அப்படிச் செய்தால் இன்று கூடத்தில் பெரிய மனசுக்காரி யார் என்று கேட்டால் பதில் மாறும். பேனாவை அதற்காகவே கையில் எடுத்தாள்.

"என்ன மேடம், சம்மதந்தானே?" என்று கேட்டார் அஸீம் சார்.

அடித்துவிட்டால் பெயர் இருக்காது. பத்து வருடத்துக்கு அந்தக் கோட்டின்மேல் ஷஹீரா மட்டும்தான் இருப்பாள்.

"சம்மதம்," என்றாள் பானுமதி. தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டாள். மேலே இருந்த கையெழுத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அதைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போட்டாள்.